மொசார்ட் கேட்டால் கணக்கு வருமா? குழந்தைகளுக்கு மேற்கத்தியச் செவ்வியல் இசை, எதில் தொடங்கலாம்?

வேப்பம்பூ

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஆறு வயது முடிந்து ஏழு நடக்கிறது. தெருமுனையில் புதிதாக ஒரு கீபோர்டு வகுப்பு திறந்திருக்கிறார்கள். வாசலில் பெரிய பேனர்: மொசார்ட் கேட்டால் மூளை வளரும், கணக்கு வரும், ஞாபகசக்தி கூடும். வீட்டுக்காரர் அதைப் படித்ததிலிருந்து சேர்த்துவிடு சேர்த்துவிடு என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். மாமியார் "நம்ம பாட்டு டீச்சர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும்போது இது எதுக்கு" என்கிறார். எனக்கு இரண்டுமே தெரியாது. இளையராஜா பாட்டின் இடையிசையில் வரும் வயலின் கூட்டத்தைத் தாண்டி நான் மேற்கத்திய இசை கேட்டதில்லை.

பேனரில் இருப்பது உண்மையா? அப்புறம், பாக், பீத்தோவன் என்று பெயர் சொல்கிறார்களே, அவர்களில் யாருடையதைச் சின்னக் குழந்தை உட்கார்ந்து கேட்கும்?

காவிரிக்கரையான்

பேனர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம் சகோதரி.

1993இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் ஃபிரான்சிஸ் ராஷர் என்பவரும் அவருடன் இரண்டு பேரும் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்கள் 36 பேர். மொசார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைப் பத்து நிமிடம் போட்டுக் காட்டிவிட்டு, காகிதத்தை இப்படி மடித்து இப்படி வெட்டினால் விரிக்கும்போது எப்படி இருக்கும் என்பது போன்ற கேள்விகளைக் கொடுத்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்ததைவிட இசை கேட்டபின் எட்டு ஒன்பது புள்ளி கூடுதலாக வந்தது. அந்தப் பலனும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கரைந்துவிட்டது. 'நேச்சர்' இதழில் ஒரே ஒரு பக்கத்தில் வந்த கட்டுரை இது. அதில் ஒரு குழந்தைகூட இல்லை, கணக்குப் பரீட்சையும் இல்லை.

மற்றதெல்லாம் பத்திரிகைக்காரர்களும் சீடி விற்றவர்களும் சேர்த்த மசாலா. 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசமாகச் செவ்வியல் இசை கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கச் சொல்லிச் சட்டமன்றத்தில் கேட்டார். அப்படிப் பரவியதுதான் உங்கள் தெருமுனை வரை வந்திருக்கிறது. 2010இல் வியன்னாவில், மொசார்ட் வாழ்ந்த ஊரிலேயே, சுமார் நாற்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொசார்ட்டுக்கென்று தனி மகிமை எதுவும் கிடைக்கவில்லை.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. பிரிட்டனில் பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகள் எட்டாயிரம் பேருக்குமேல் வைத்து ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு மொசார்ட், சிலருக்கு அப்போது பிரபலமாக இருந்த பாப் பாட்டு, மற்றவர்களுக்கு வெறும் பேச்சு. அந்தக் காகித மடிப்புக் கேள்வியில் முந்தியது பாப் பாட்டுக் கூட்டம். பிடித்ததைக் கேட்டால் மனசு கொஞ்சம் சுறுசுறுப்பாகிறது. விஷயம் அவ்வளவுதான்.

கசப்புக்கஷாயம்

ஆக, ஒரு டீ குடித்துவிட்டுப் பரீட்சை எழுதினாலும் இதே பலன்.

கணக்கு_வாத்தியார்

கேட்பது வேறு, கற்பது வேறு. இரண்டையும் ஒரே பையில் போடக்கூடாது.

டொரண்டோவில் கிளென் ஷெல்லன்பெர்க் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குக் கீபோர்டு, ஒன்றுக்கு வாய்ப்பாட்டு, ஒன்றுக்கு நாடகம், கடைசிக் கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. ஒரு பள்ளி ஆண்டு முழுவதும் வகுப்பு. 2004இல் முடிவு வந்தது. பள்ளிக்குப் போவதாலேயே எல்லாருக்கும் அறிவுத்திறன் எண் கொஞ்சம் ஏறியிருந்தது. இசை கற்றவர்களுக்கு மட்டும் மற்றவர்களைவிடச் சராசரியாக 2.7 புள்ளி கூடுதல். நாடகக் கூட்டத்துக்குப் பழகும் விதத்தில் முன்னேற்றம், இசைக் கூட்டத்துக்கு அது இல்லை.

2.7 புள்ளி என்பது ரொம்பச் சின்ன வித்தியாசம். பின்னால் வேறு இடங்களில் செய்தபோது அதுகூட எல்லா இடத்திலும் வரவில்லை. கணக்கு வர வேண்டுமென்றால் கணக்குப் போடுங்கள் அம்மா, நான் இருக்கிறேன். பாட்டைப் பாட்டுக்காகக் கொடுங்கள்.

வேப்பம்பூ

ரொம்ப நன்றி சார். அந்தப் பேச்சை வீட்டில் முடித்துவிட்டேன். கேட்டவுடன் வீட்டுக்காரருக்கு ஆர்வம் பாதியாகிவிட்டது, ஆனால் எனக்கு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. எதைப் போட்டுக் காட்டுவது?

ஒன்றரைக்கட்டை

பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். கை நடுங்குவதால் இப்போது கேட்பதோடு சரி.

'குழந்தைகளுக்கான மொசார்ட்' என்று யூடியூபில் மணிக்கணக்கில் ஓடுவதைத் தொடாதீர்கள். அதில் ஓடுவது பொம்மைப் பெட்டி ஓசை. அதை யாரும் குழந்தைக்காக எழுதவில்லை. பெரிய இசையமைப்பாளர்களில் பலர் வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளுக்காகவே எழுதியிருக்கிறார்கள். அங்கே போங்கள்.

பாக் 1720இல் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமானுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினார். பையனுக்கு ஒன்பது வயது. முதலில் சுரக்குறிகளின் விளக்கம், அடுத்து அலங்காரக் குறிகளின் பட்டியல், அதன்பின் விரல் எண் போட்ட ஒரு சிறு பாடம். அதை இன்றைய பிள்ளை வாசித்தால் வேடிக்கையாக இருக்கும். வலக்கை மேலே ஏறும்போது கட்டைவிரலை உள்ளே நுழைக்காமல் நடுவிரலும் மோதிரவிரலும் மாறி மாறித் தாண்டிப் போகும். என் மாணவி அப்படி வாசித்திருந்தால் திட்டியிருப்பேன், பாக் சொல்லிக்கொடுத்திருக்கிறார்! இன்று உலகமெங்கும் மாணவர்கள் வாசிக்கும் இன்வென்ஷன்கள் என்ற சின்னத் துண்டுகள் இந்த நோட்டில்தான் முளைத்தன.

மனைவி அன்னா மக்தலேனாவுக்கு 1725இல் தொடங்கிய இன்னொரு நோட்டு உண்டு. அதில் வரும் ஜி மேஜர் மினுவெட் என்ற நடனத் துண்டைக் கீபோர்டு வகுப்புக்குப் போன எல்லாரும் வாசித்திருப்பீர்கள். பாக் எழுதியது என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருந்தது. 1970களில் அது கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் என்ற ஆர்கன் கலைஞருடையது என்று தெரியவந்தது. இன்னும் பல புத்தகங்கள் பெயரை மாற்றவில்லை. வீட்டு நோட்டுதானே, பிடித்த பாட்டை யாருடையதாக இருந்தாலும் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

ஷூமான் 1848இல் எழுதிய 'இளையோர் தொகுப்பு', மூத்த மகள் மரீயின் ஏழாவது பிறந்தநாளுக்குச் செய்த சில துண்டுகளில் தொடங்கி 43 துண்டுகளாக வளர்ந்தது. சைக்கோவ்ஸ்கி 1878இல் தங்கை பிள்ளைகள் நினைவில் ஒரு தொகுப்பு எழுதி மருமகன் வொலோத்யாவுக்குக் காணிக்கையாக்கினார். இதைத்தான் உங்கள் மகளுக்கு முதலில் போட்டுக் காட்டச் சொல்வேன். அதில் 24 துண்டுகள். பொம்மைக்கு உடம்பு சரியில்லை என்று ஒன்று. வலக்கையில் ஒற்றை ஒற்றையாக ஒரு சுரம் விழும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மௌனம், முனகுவது போல. அடுத்தது பொம்மையின் சவ ஊர்வலம். அதற்கடுத்து ஒரு வால்ட்ஸ் நடனம். அதற்குப் பின் புதுப் பொம்மை, அரை நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான், மூச்சு வாங்கச் சுற்றிச் சுற்றி ஓடும். எந்தக் குழந்தையையும் உட்காரவைத்துக் கதை சொல்ல வேண்டாம். தலைப்பை மட்டும் சொல்லுங்கள்.

பார்டோக்கின் 'மைக்ரோகாஸ்மாஸ்' கற்கத் தொடங்கிய பின் பார்க்கலாம். 153 துண்டுகள், ஆறு தொகுதி. முதலிரண்டு தொகுதி மகன் பீட்டருக்கு. முதல் துண்டுகளில் இரண்டு கையும் ஒரே சுரத்தையே வாசிக்கும், ஐந்து விரலுக்கு ஐந்து கட்டை, கை நகரவே வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு கையும் பிரியும். ஆறாவது தொகுதிக்குப் போனால் மேடைக் கச்சேரிக்காரர்களுக்கே வியர்க்கும்.

சரளிவரிசை

டீச்சர் எழுதியது அருமை. ஆனால் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. பெரிய இசையமைப்பாளர்கள் என்றவுடன் ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் ஏன் ஓட வேண்டும்? குழந்தைக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் புரந்தரதாசர் பதினாறாம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டதாகத்தானே சொல்கிறோம்? மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி, ஜண்டை, அலங்காரம், பிறகு மலஹரி ராகத்தில் கீதம். பாக் பிறக்கும் முன்பே இது இருந்தது. மாமியார் சொல்வதில் என்ன தப்பு?

கசப்புக்கஷாயம்

வந்துட்டாங்கய்யா.

மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம். எது உயர்ந்தது என்ற சண்டைக்கு வேறு இழைகள் பூட்டிக் கிடக்கின்றன.

காவிரிக்கரையான்

சரளி அண்ணா, மாமியாரை யாரும் தப்பு சொல்லவில்லை. பக்கத்துத் தெரு டீச்சரிடம் போகட்டும், இதையும் கேட்கட்டும். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருந்தவர்கள் நம் ஆட்களே. முத்துசுவாமி தீட்சிதர் சென்னை மணலியில் இருந்த காலத்தில் பிரிட்டிஷாரின் கோட்டை பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டு ஸ்வரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டு. எல்லாமே சங்கராபரண சுரங்களில், சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லாமல், நேர்கோடு போட்டது போல இருக்கும். அவர் தம்பி பாலுசுவாமி அங்கேதான் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாமல் நம் கச்சேரி உண்டா?

வேப்பம்பூ சகோதரி, உங்கள் மகளுக்குப் பாட்டு வகுப்பில் 'சக்தி ஸஹித கணபதிம்' சொல்லிக்கொடுத்தால் அவள் ஏற்கெனவே இரண்டு உலகத்திலும் கால் வைத்துவிட்டாள் என்று அர்த்தம்.

தியாகராஜர் பிறந்தது 1767, பீத்தோவன் 1770, தீட்சிதர் 1770களின் நடுவில். ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டிருக்கக்கூட வாய்ப்பில்லை. எனக்கு எப்போதும் இது ஆச்சரியம்.

சரளிவரிசை

நோட்டு ஸ்வரத்தைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டீர்கள். சரி, நானும் ஒன்று சேர்க்கிறேன். ஹங்கேரியில் ஸோல்டான் கோடாய் என்ற இசையமைப்பாளர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கருவியைத் தொடும் முன் பாட்டுத்தான் என்று பிடிவாதமாக நின்றார். அவர் வழியில் 1950இல் கெச்கெமெட் என்ற ஊரில் தினமும் பாட்டு வகுப்பு உள்ள பள்ளியே திறந்தார்கள். அங்கே டோ என்பது எந்தச் சுருதியிலும் இருக்கலாம், நம் ஸ மாதிரியேதான். ஒவ்வொரு சுரத்துக்கும் கையால் ஒரு முத்திரை. நம் பாட்டு வகுப்புப் பிள்ளை அங்கே போனால் ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் ஒரு இடத்தில் நம் காது திணறும், அதையும் சொல்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு மெட்டு போனால் நமக்கு எதைப் பிடிப்பது என்று தெரியாது. எனக்கு இன்றும் அப்படித்தான்.

ஒன்றரைக்கட்டை

அந்தத் திணறலுக்குத்தான் பாக்கின் முதல் இன்வென்ஷனைக் கேட்கச் சொல்வேன் சரளி சார். சி மேஜர், ஒன்றரை நிமிடம்கூட வராது. வலக்கை ஒரு சின்னச் சொல் சொல்லும். அது முடிந்ததும் இடக்கை அதையே ஒரு ஸ்தாயி கீழே திருப்பிச் சொல்லும். மறுபடி வலக்கை, மறுபடி இடக்கை. பிறகு அதே சொல் தலைகீழாக வரும், ஏறியது இறங்கும். முதல் தடவை வலக்கையை மட்டும் கேளுங்கள். அடுத்த தடவை இடக்கை. குழந்தைகளிடம் "இப்போ யார் பேசறாங்க, அப்பாவா பாப்பாவா?" என்று கேட்டால் டக்கென்று சொல்லும். பெரியவர்களுக்குத்தான் நாளாகிறது.

வடலிக்காடு

லண்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்கள் சனத்துக்குப் பியானோவும் வயலினும் கிரேடு ஏறுகிற ஏணி. யார் வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி "மகள் இப்ப எத்தினையாம் கிரேடு?" என்பதுதான். ஐந்தாம் கிரேடு தியரி, எட்டாம் கிரேடு, சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது, அதோடு பியானோவை மூடித் துணி போட்டுவிடுவது. எட்டு கிரேடும் முடித்த பிள்ளையிடம் "பிடித்த ஒன்றை வாசி" என்று கேட்டால் பரீட்சைக்குப் படித்த மூன்று துண்டைத் தவிர ஒன்றும் தெரியாது. வேப்பம்பூ அக்கா, இந்தக் கரைச்சலுக்குள் மட்டும் போகாதீர்கள்.

என்னுடைய மகன் இசைக்குள் வந்தது புரோகோஃபியெவின் 'பீட்டரும் ஓநாயும்' வழியாக. 1936இல் மாஸ்கோவில் குழந்தைகள் நாடக அரங்கம் நடத்திய நட்டாலியா சாட்ஸ் கேட்டு அவர் எழுதியது. கதை சொல்லி ஒருவர், அவரோடு ஆர்கெஸ்ட்ரா. குருவிக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பஸ்ஸூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன், பீட்டருக்குத் தந்தி வாத்தியங்கள். ஓநாய் வாத்தை விழுங்கிவிடும். கடைசியில் ஓநாயைப் பிடித்து ஊர்வலமாகக் கொண்டுபோகும்போது, கூர்ந்து கேட்டால் அதன் வயிற்றுக்குள்ளிருந்து ஓபோ மெல்லக் கேட்கும். அவசரத்தில் ஓநாய் உயிரோடு விழுங்கிவிட்டதாம்! மகன் அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்பப் போடச் சொல்லுவான். இப்போது வானொலியில் எங்கே ஓபோ வந்தாலும் "அப்பா, வாத்து" என்கிறான். பிராம்ஸின் சிம்பொனியிலும் வாத்துத்தான்.

காவிரிக்கரையான்

வாத்துக்கு அடுத்து ஆமையையும் கேட்கவையுங்கள் தம்பி. சான்-சான்ஸ் 1886இல் நண்பர்களுக்காக விளையாட்டாக எழுதிய 'விலங்குகளின் திருவிழா'. ஆஃபென்பாக்கின் கான்கான், அந்த உதைத்து ஆடும் நடன மெட்டு இருக்கிறதே, அதை எடுத்து இழுஇழு என்று இழுத்து வாசிக்கவைத்து 'ஆமைகள்' என்று பெயர் வைத்துவிட்டார். யானைக்குக் கான்ட்ராபாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தில் ஒரு வால்ட்ஸ். விலங்குகளுக்கு நடுவில் 'பியானோ வாசிப்பவர்கள்' என்றும் ஒரு துண்டு உண்டு, அவர்கள் தப்பும் தவறுமாக ஏறு வரிசை இறங்கு வரிசை பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். வடலிக்காட்டுத் தம்பி சொன்ன கிரேடு பிள்ளைகளைப் பார்த்தே எழுதியது போல இருக்கும்.

இது வெளியே வந்தால் தன்னை விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடுவார்கள் என்று, 'அன்னம்' என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் உயிரோடு இருக்கும்வரை அச்சிட விடவில்லை. 1921இல் அவர் இறந்தபின் 1922இல்தான் முழுதாக அச்சில் வந்தது. ஆர்கன் சிம்பொனியும் ஓபராக்களும் எழுதிய மனிதரை இன்று பாதி உலகம் இந்த விளையாட்டை வைத்துத்தான் தெரிந்து வைத்திருக்கிறது.

விவால்டியின் 'நான்கு பருவங்கள்' பழகிப்போன சங்கதி என்று ஒதுக்காதீர்கள். வசந்தத்தின் நடுப்பகுதியில் ஆடு மேய்ப்பவன் தூங்குகிறான், பக்கத்தில் நாய். மேலே வயலின் தாலாட்ட, கீழே வயோலா இரண்டிரண்டு சுரமாக விடாமல் குரைத்துக்கொண்டே இருக்கும். 1725இல் அச்சானபோதே பாட்டோடு கவிதையும் சேர்த்து, எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

கசப்புக்கஷாயம்

எல்லாரும் உருகுகிறீர்கள். இந்தப் பெரிய ஆட்களே குழந்தையாக இருந்தபோது என்ன நடந்தது என்று யாரும் பேசக் காணோம்.

மொசார்ட்டின் அப்பா லியோபோல்ட் 1763இல் இரண்டு பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றினார். பையனுக்கு ஏழு, அக்கா நானெர்லுக்குப் பதினொன்று. ஊர் ஊராக, அரண்மனை அரண்மனையாக வித்தை காட்டிவிட்டு வீடு திரும்பியது 1766 இறுதியில். நடுவில் ஹேக் நகரில் அக்காவுக்கு டைஃபாய்டு. பிழைக்கமாட்டாள் என்று பாதிரியாரைக் கூப்பிட்டுக் கடைசிச் சடங்கே செய்தார்கள். அவள் எழுந்ததும் தம்பி படுத்தான். கொஞ்சம் வளர்ந்ததும் அக்காவை வீட்டிலேயே விட்டுவிட்டு அப்பாவும் பையனும் மட்டும் இத்தாலி போனார்கள். அவள் எழுதியதில் ஒரு துண்டுகூட இன்று இல்லை. தம்பி அதைப் பாராட்டி எழுதிய கடிதம் மட்டும் இருக்கிறது.

பீத்தோவனின் அப்பா 1778இல் கொலோன் நகரில் மகனை மேடையேற்றியபோது, ஏழு வயதுப் பையனை ஆறு வயது என்று விளம்பரம் செய்தார். மொசார்ட் மாதிரி இன்னொரு அதிசயக் குழந்தை வேண்டுமாம். இன்றைக்கு ரியாலிட்டி ஷோவில் பிள்ளையை அழவைக்கும் அப்பாக்களுக்குப் பரம்பரை நீளம்.

ஒன்றரைக்கட்டை

நீங்கள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. நான் இன்னொன்று சேர்க்கிறேன். 1759இல் லியோபோல்ட் தொடங்கியது நானெர்லுக்கான நோட்டு. அக்கா வாசிப்பதைப் பார்த்துத்தான் தம்பி அதில் கைவைத்தான். ஓரங்களில் அப்பா குறிப்பு எழுதியிருக்கிறார். ஒரு துண்டுக்கு அடியில், 1761 ஜனவரி 24, ஐந்து வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது, இரவு ஒன்பது மணியிலிருந்து ஒன்பதரைக்குள் வுல்ஃப்காங் இதைக் கற்றான் என்று இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை, இரவு ஒன்பதரை மணி! அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டும் தோன்றும். அப்பாவின் பெருமை தெரிகிறது. தூங்கப் போடாமல் இந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. விவால்டி 1703இல் வேலைக்குச் சேர்ந்தது வெனிஸில் பியெட்டா என்ற அனாதை இல்லத்தில், பெண் குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்க. பெற்றவர்கள் விட்டுப்போன பிள்ளைகள். அவர்கள் கம்பித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வாசிப்பதைக் கேட்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சிலர் அங்கேயே மற்றப் பெண்களுக்கு ஆசிரியைகளாகி வயதானார்கள். இங்கே யாரும் பிள்ளையை வைத்து வித்தை காட்டிப் பெயர் வாங்கவில்லை. ஆனால் அவர்களும் தாங்களாக இசையைத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை, அதனால் இதிலும் ஒரு நியாயம் மட்டும் சொல்லி முடிக்க முடியாது.

கசப்புக்கஷாயம்

டீச்சரிடம் சண்டை போட எனக்கு ஆசையில்லை. அந்த ஒன்பதரை மணிக் குறிப்பு நல்லா இருந்தது.

மூன்றுபிள்ளைஅப்பன்

ஓர் எச்சரிக்கை. ஹைடனின் 94ஆம் சிம்பொனி, இரண்டாம் பகுதி. நர்சரிப் பாட்டு மாதிரி மெதுவாகத் தொடங்கும், திரும்ப வரும்போது இன்னும் மெதுவாகும், நாம் சத்தத்தைக் கூட்டி வைப்போம். பதினாறாவது பாரில் (தாளக் கட்டத்தில்) முழு ஆர்கெஸ்ட்ராவும் டிம்பனி முரசும் சேர்ந்து ஒரு அடி. கடைக்குட்டி வீல் என்று அழுது மாடிக்கு ஓடிவிட்டான். மூத்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். 1792இல் லண்டனில் கேட்டவர்களுக்கும் இதே கதிதான் இருந்திருக்கும். இப்போது விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டுவதே கடைக்குட்டிதான்.

வேப்பம்பூ

எல்லாருக்கும் நன்றி. பொம்மைத் துண்டுகளைப் போட்டேன். சவ ஊர்வலம் ஓடும்போது "இந்தப் பொம்மைக்கு அம்மா இல்லையா" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் புதுப் பொம்மை வந்துவிட்டது. இவ்வளவு சோகத்தை இந்த வயதில் கேட்கலாமா டீச்சர்?

அப்புறம் கருவி விஷயம். அந்தப் பேனர் வகுப்பில் அவர்களிடமே கீபோர்டு வாங்கச் சொல்கிறார்கள். நூறு தாளம், இருநூறு சத்தம் வரும் என்கிறார்கள். முதல் வருடமே பரீட்சைக்கும் அனுப்புவார்களாம்.

ஒன்றரைக்கட்டை

சோகம் கேட்கட்டும் அம்மா. அவள் கேட்ட கேள்வியைச் சைக்கோவ்ஸ்கியும் கேட்டிருப்பார்போல, அதனால்தான் வால்ட்ஸை நடுவில் வைத்துவிட்டுப் புதுப் பொம்மையைக் கொண்டுவந்தார். அந்த நான்கையும் வரிசை மாற்றாமல் போடுங்கள், அது முக்கியம். தூங்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

கீபோர்டில் நூறு தாளம் எதற்கு? பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. கட்டையை மெல்ல அழுத்தினால் மெல்லவும் ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் சத்தம் வர வேண்டும். அது இல்லாத கருவியில் சைக்கோவ்ஸ்கியின் நோயாளிப் பொம்மையும் புதுப் பொம்மையும் ஒரே குரலில் பேசும். 61 கட்டை போதும், இரண்டு மூன்று வருடம் ஓடும். பட்டனைத் தட்டினால் தானாகவே தாளம் போடும் வசதி இருந்தால் அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். நாற்காலி உயரம் சரியாக இருக்கட்டும், முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும். கால் தொங்கினால் கீழே ஒரு மணை போடுங்கள். கால் தொங்கும் பிள்ளை தோளை இறுக்கும், பிறகு கை வராது.

தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பரீட்சைக்கு அவசரமில்லை. முதல் வருடமே அனுப்பும் வகுப்பு மூன்று துண்டைத்தான் வருடம் முழுக்க அரைக்கும். வகுப்பில் சேர்க்குமுன் ஆசிரியரை ஏதாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்காமல் உட்கார்ந்து வாசித்தால் சேருங்கள். சான்றிதழை எடுத்துக் காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, சாப்பாடு ஊட்டும்போதும் வீட்டுப்பாடம் எழுதும்போதும் இதைப் பின்னணியில் ஓடவிடாதீர்கள். இரண்டு நிமிடத் துண்டு என்றால் அந்த இரண்டு நிமிடம் நீங்களும் சும்மா உட்கார்ந்து கேளுங்கள்.

வடலிக்காடு

டீச்சர் சொன்னதோடு ஒன்று. லென்னர்ட் பெர்ன்ஸ்டைன் 1958 முதல் 1972 வரை நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கோடு பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியில் நடத்திய நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஆங்கிலம்தான், கறுப்பு வெள்ளையில் தொடங்கும். மகளுக்கு இப்போது விளங்காது, ஒன்பது பத்து வயதில் பார்க்கட்டும். நீங்கள் இன்றைக்கே பார்க்கலாம் அக்கா. மெட்டு என்றால் என்ன, சிம்பொனியில் ஏன் ஒரே மெட்டு திரும்பி வருகிறது என்பதையெல்லாம் பியானோவில் உட்கார்ந்து வாசித்துக்காட்டிச் சொல்லுவார்.

பொள்ளாச்சி_இளநீர்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். என் அண்ணன் மகனுக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது. இப்போதுதான் ஆசை வந்து கேட்கிறான். எல்லாரும் ஐந்து வயது ஆறு வயது என்கிறீர்கள். அவனுக்கு வண்டி போய்விட்டதா?

ஒன்றரைக்கட்டை

போகவில்லை. மேடைப் பியானோ, மேடை வயலின் என்றால் சின்ன வயதில் தொடங்கியவர்கள் முன்னால் இருப்பார்கள், அது உண்மை. ஆனால் பஸ்ஸூன், டிராம்போன், கான்ட்ராபாஸ் இதெல்லாம் சின்னக் கைக்கு எட்டாது, பலரும் பத்துப் பன்னிரண்டு வயதுக்குமேல்தான் தொடங்குவார்கள். சைக்கோவ்ஸ்கி சட்டம் படித்து நீதித்துறை அமைச்சகத்தில் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டு, 22 வயதில்தான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரியில் சேர்ந்தார். சிறுவயதில் பியானோ கற்றிருந்தார் என்றாலும் முறையாக எழுதக் கற்றது அப்புறம்தான்.

பையனுக்கு எந்தச் சத்தம் பிடித்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கருவியை அப்புறம் தேடலாம். உயரம் எவ்வளவு, கை விரித்தால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை எத்தனை அங்குலம் என்று அளந்து இங்கேயே போடுங்கள், சொல்கிறேன்.